முகமூடி போட்டால் மோப்பம் போய்விடுமா?

நோயாளியின் உடம்பில் என்ன கோளாறு என்று கண்டுபிடிக்க எத்தனையோ கருவிகள் வந்துவிட்டன. எக்ஸ்ரே இருக்கிறது. ஸ்கேன் இருக்கிறது. ரத்தத்தைச் சோதிக்க விதவிதமான யந்திரங்கள் இருக்கின்றன.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், வார்டுக்குள் கால் வைத்த உடனே வேலை செய்யத் தொடங்கும் ஒரு கருவி உண்டு. அதற்கு மின்சாரம் வேண்டாம். விலையும் கிடையாது.

அதுதான் நர்சின் மூக்கு!

அந்த மூக்கின் மேல் இன்று ஒரு முகமூடி உட்கார்ந்திருக்கிறது. மணிக்கணக்கில் அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்கிறார்கள் நர்சுகளும் டாக்டர்களும்.

முகமூடி போட்டவருக்கு வாசனை தெரியுமா, தெரியாதா? தெரியாமல் போனால் யாருக்கு ஆபத்து? நோயாளிக்கா? நர்சுக்கா?

பதில்: இரண்டு பேருக்குமே ஆபத்து வரலாம். ஆனால் அதற்குக் காரணம் முகமூடி அல்ல. முகமூடியைப் பற்றிய தப்பான எண்ணம்தான்!

மூக்கு சொல்லும் சேதி

சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் மயங்கிக் கிடக்கிறார். அவருடைய மூச்சில் அழுகத் தொடங்கிய பழத்தின் வாடை வீசுகிறது. நகச்சாயத்தை அழிக்கும் திரவத்தின் வாடை என்றும் சொல்லலாம்.

அனுபவம் உள்ள நர்சு உடனே உஷார் ஆகிவிடுவார். காரணம் என்ன? உடம்பில் இன்சுலின் போதாதபோது சர்க்கரை எரிபொருளாகப் பயன்படாது. அதற்குப் பதில் கொழுப்பு எரியும். அப்போது அசிட்டோன் என்ற பொருள் உண்டாகி மூச்சில் வெளியேறும். உடனே சிகிச்சை செய்யாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

தீக்காயம் பட்டவருக்குக் கட்டு மாற்றுகிறார்கள். புண்ணில் இருந்து திராட்சைப் பழம் போல ஒரு தித்திப்பு வாடை வருகிறது. நல்ல வாசனைதானே என்று எண்ணக்கூடாது! ‘சூடோமோனாஸ்’ என்ற கிருமி புண்ணில் குடியேறிவிட்டது என்பதற்கு அது அடையாளம்.

காற்றுப் புகாத ஆழமான புண்ணில் வளரும் கிருமிகளின் வாடை வேறு. அது அழுகல் நாற்றம். சிறுநீரகம் கெட்டவரின் மூச்சில் சிறுநீர் வாடை வரும். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் மலம் தார் போலக் கறுத்து, தனி வாடை வீசும்.

பூச்சி மருந்து குடித்தவரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். என்ன குடித்தார் என்று கூட வந்தவர்களுக்குத் தெரியவில்லை. உடம்பில் வீசும் பூண்டு வாடை பல நேரங்களில் அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

வாடையை மட்டும் வைத்து யாரும் நோயை முடிவு செய்வது இல்லை. ஆனால் ‘இங்கே ஏதோ சரியில்லை, டாக்டரைக் கூப்பிடு’ என்று முதல் மணியை அடிப்பது பல நேரங்களில் மூக்குதான்.

ஓர் அதிசய நர்சு

ஸ்காட்லாந்து நாட்டில் பெர்த் என்று ஓர் ஊர். அந்த ஊரைச் சேர்ந்தவர் ஜாய் மில்ன். நர்சாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

அவருடைய கணவரின் உடம்பில் ஒரு நாள் புதிய வாடை வீசத் தொடங்கியது. கஸ்தூரி போன்ற வாடை. “சரியாகக் குளிக்கவில்லையா?” என்றுகூட அவர் கணவரிடம் கேட்டார். குளித்தும் அது போகவில்லை.

10 ஆண்டுகளுக்கு மேல் ஓடின. கணவருக்குக் கை நடுங்கும் ‘பார்க்கின்சன்’ வியாதி என்று டாக்டர்கள் சொன்னார்கள்.

பிறகு ஒரு நாள், அந்த வியாதிக்காரர்கள் கூடும் கூட்டத்துக்கு ஜாய் மில்ன் போனார். அங்கே இருந்தவர்கள் மீதும் அதே வாடை!

எடின்பரோ பல்கலைக்கழக விஞ்ஞானி டிலோ குனாத் அவரைச் சோதித்துப் பார்த்தார். 12 பேர் போட்டிருந்த பனியன்களை அவரிடம் கொடுத்தார்கள். அந்த 12 பேரில் 6 பேர் நோயாளிகள். 6 பேர் நோய் இல்லாதவர்கள்.

6 நோயாளிகளையும் ஜாய் மில்ன் சரியாகச் சொன்னார். ஆனால் நோய் இல்லாத ஒருவரையும் ‘நோயாளி’ என்று சொல்லிவிட்டார். ஒன்றே ஒன்று தப்பு என்று எழுதிக்கொண்டார்கள்.

8 மாதம் கழித்து அந்த மனிதரே வந்தார். தமக்கும் பார்க்கின்சன் வியாதி என்று டாக்டர்கள் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். தப்பு ஜாய் மில்னுடையது அல்ல!

தோலில் ஊறும் எண்ணெய்ப் பசையில்தான் அந்த வாடை இருக்கிறது என்று 2019-ம் ஆண்டில் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள்.

எல்லா நர்சுக்கும் இப்படிப்பட்ட மூக்கு இருக்காது. ஆனால் மனித மூக்கு லேசுப்பட்டது அல்ல என்பதற்கு இது நல்ல சாட்சி.

மூக்கின் உச்சியில் தபால் தலை

மூக்கின் துவாரம் வழியாகக் காற்று போகிறது. ஆனால் வாசனையை அறியும் இடம் துவாரத்தில் இல்லை. மூக்கின் உள்ளே, உச்சியில், இரு கண்களுக்கும் நடுவே இருக்கிறது. அங்கே தபால் தலை அளவில் ஒரு மெல்லிய சவ்வு. அந்தச் சவ்வில் பல லட்சம் நரம்பு செல்கள்.

ஒவ்வொரு செல்லும் ஒரு பூட்டு மாதிரி. வாசனை அணு ஒரு சாவி மாதிரி. மனிதனிடம் சுமார் 400 வகைப் பூட்டுகள் உண்டு. மல்லிகைப் பூ சில பூட்டுகளைத் திறக்கும். கருவாடு வேறு சில பூட்டுகளைத் திறக்கும். எந்தெந்தப் பூட்டு திறந்தது என்பதைப் பார்த்து மூளை வாசனையைச் சொல்லிவிடும்.

இந்த ரகசியத்துக்கு வழி திறந்தவர்கள் அமெரிக்க விஞ்ஞானிகள் ரிச்சர்டு ஆக்சல், லிண்டா பக் இருவரும். 1991-ம் ஆண்டில் இதை வெளியிட்டார்கள். 2004-ம் ஆண்டில் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

சாதாரணமாக மூச்சு விடும்போது காற்றில் ஒரு சிறு பகுதிதான் அந்த உச்சிக்குப் போகும். அதனால்தான் ஒரு வாசனையைச் சரியாகப் பிடிக்க ‘சர், சர்’ என்று வேகமாக இழுக்கிறோம். இது முக்கியம். பின்னால் இதே விஷயம் மறுபடியும் வரும்.

கொக்கு மூக்கு டாக்டர்

முகமூடியின் கதையிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது.

17-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பிளேக் நோய் பரவியது. நாற்றம்தான் நோயைப் பரப்புகிறது என்று அந்தக் காலத்து டாக்டர்கள் நம்பினார்கள். அதனால் பறவையின் அலகு போல நீண்ட முகமூடி மாட்டிக்கொண்டார்கள். அந்த அலகுக்குள் மணம் வீசும் மூலிகைகளையும் காய்ந்த பூக்களையும் அடைத்தார்கள்.

நாற்றம் மறைந்தது. நோய் மறையவில்லை! பிளேக்கைப் பரப்பியது நாற்றம் அல்ல, கிருமி. அது அவர்களுக்குத் தெரியாது.

1897-ம் ஆண்டில்தான் காட்சி மாறியது. அப்போது ஜெர்மனியைச் சேர்ந்ததாக இருந்த பிரெஸ்லா நகரில் கார்ல் ஃபுளுகே என்ற விஞ்ஞானி ஓர் உண்மையைக் காட்டினார். பேசும்போது வாயிலிருந்து தெறிக்கும் துளிகளில் கிருமி இருக்கிறது என்றார். அதே ஊரில் மிக்குலிச் என்ற டாக்டர் வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொண்டு ஆபரேஷன் செய்தார்.

டாக்டரின் எச்சில் துளி நோயாளியின் புண்ணில் விழக்கூடாது. அதற்காகத்தான் அந்தத் துணி.

மஞ்சூரியாவில் ஒரு பாடம்

நோயாளியிடம் இருந்து டாக்டரைக் காப்பாற்றும் முகமூடி எப்போது வந்தது? அது ஓர் உருக்கமான கதை.

1910-ம் ஆண்டின் கடைசி. சீனாவின் வடக்கே மஞ்சூரியாவில் பயங்கரமான பிளேக். சுமார் 60 ஆயிரம் பேரை அது பலி வாங்கியது.

நோயை அடக்க ஹார்பின் நகருக்கு ஓர் இளம் டாக்டர் அனுப்பப்பட்டார். பெயர் வூ லியன்-தே. மலேயாவில் பினாங்குத் தீவில் 1879-ம் ஆண்டில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்தவர்.

‘இந்த பிளேக் எலியிடம் இருந்து மட்டும் வரவில்லை. மனிதனின் மூச்சு வழியாக மனிதனுக்குப் பரவுகிறது’ என்றார் வூ. மெல்லிய துணி மடிப்புகளுக்கு நடுவே பஞ்சு வைத்து முகமூடி தைக்கச் செய்தார். எல்லோரும் அதைப் போடவேண்டும் என்றார்.

அங்கே வந்த மெஸ்னி என்ற பிரெஞ்சு டாக்டர் வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர். வூ சொன்னதை அவர் ஏற்கவில்லை. முகமூடி போடாமலே நோயாளிகளைப் பார்த்தார்.

சில நாட்களில் அவரையே பிளேக் பிடித்தது. 1911 ஜனவரியில் அவர் இறந்தார்.

அதன் பிறகு ஹார்பினில் முகமூடி போடாதவரே இல்லை என்று ஆயிற்று. இன்றைய முகமூடிகளுக்கு வூவின் பஞ்சு முகமூடியை முன்னோடி என்று சொல்லலாம்.

சல்லடை அல்ல, ஒட்டுப் பொறி

இன்று கடுமையான தொற்று நோய் வார்டுகளில் ‘என்-95’ முகமூடி போடுகிறார்கள். காற்றில் மிதக்கும் நுண் துகள்களில் 100-க்கு 95-ஐயாவது அது தடுக்க வேண்டும். அதனால்தான் அந்தப் பெயர்.

ஒரு மில்லி மீட்டரை ஆயிரமாகப் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். மனிதனின் தலைமுடி 50 முதல் 100 மைக்ரான் கனம் இருக்கும். என்-95 முகமூடியைச் சோதிக்கும் துகளோ சுமார் 0.3 மைக்ரான்தான்!

இவ்வளவு சின்னத் துகளை எப்படித் தடுக்கிறது? அது அரிசி சலிக்கும் சல்லடை போல வேலை செய்வதில்லை. ஈ ஒட்டும் காகிதம் போல வேலை செய்கிறது.

பிளாஸ்டிக்கை உருக்கி, பஞ்சு மிட்டாய் போல இழை இழையாக ஊதி, அந்த முகமூடியின் நடு அடுக்கைச் செய்கிறார்கள். அந்த இழைகளில் மின்சக்தி ஏற்றப்பட்டிருக்கும். தலை வாரிய பிளாஸ்டிக் சீப்பைக் காகிதத் துணுக்குகளுக்குப் பக்கத்தில் கொண்டு போனால் என்ன ஆகும்? துணுக்குகள் ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும் அல்லவா? அதே வித்தைதான் இங்கும்.

இந்த மின்சக்தி ஏற்றும் முறையை 1992-ம் ஆண்டில் உருவாக்கியவர் பீட்டர் ட்சாய். தைவான் தீவில் பிறந்து, அமெரிக்காவில் டென்னசி பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த விஞ்ஞானி. வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த அவர், 2020-ம் ஆண்டில் கொரோனா வந்ததும் மறுபடியும் ஆராய்ச்சியில் இறங்கினார். ஒரு முறை போட்ட முகமூடியைக் கிருமி நீக்கி மறுபடியும் போடுவதற்கு வழி தேடினார்.

கொரோனா வைரஸ் சுமார் 0.1 மைக்ரான் அளவு. மிகச் சிறிய துகள்கள் நேராகப் பறப்பதில்லை. தள்ளாடித் தள்ளாடிப் போகும். அப்படிப் போகும்போது ஏதாவது ஓர் இழையில் இடித்து, அதிலேயே ஒட்டிக்கொள்ளும்.

வாசனை மட்டும் எப்படி நுழைகிறது?

வாசனை என்பது தூசி அல்ல. காற்றோடு காற்றாகக் கலந்த ஆவி. அதன் அணுக்கூட்டம் வைரசைவிட நூறு மடங்கு சிறியது.

அதுவும் இழையில் இடிக்கத்தான் செய்யும். ஆனால் ஒட்டிக்கொள்ளாது. இடித்த வேகத்தில் துள்ளிக்கொண்டு போய்விடும். நாம் மூச்சு விடும் பிராணவாயுவும் அப்படித்தான் நுழைகிறது. அது நுழையாவிட்டால் முகமூடி போட்டவர் மூச்சு முட்டிப் போவாரே!

‘முகமூடி போட்டும் சாம்பிராணிப் புகை வாசனை வருகிறதே! அப்படியானால் கிருமியும் வரும்தானே?’ என்று பலர் கேட்பது உண்டு. வராது. வாசனை நுழைவதால் முகமூடி வீண் என்று சொல்வது தப்பு.

கரித்தூள் வைத்த முகமூடிகள் வேறு வகை. கரிக்கு ஆவியைப் பிடித்து வைக்கும் குணம் உண்டு. அதனால் அவை வாசனையையும் குறைக்கும்.

ஆஸ்பத்திரிகளில் இதை வைத்தே ஒரு சோதனை செய்கிறார்கள். நர்சுக்கு என்-95 முகமூடியை மாட்டிவிட்டு, தலைக்கு மேல் ஒரு கூண்டைக் கவிழ்ப்பார்கள். அதற்குள் சாக்கரின் கலந்த நீரைத் தூவுவார்கள். நாக்கில் தித்திப்புத் தெரிந்தால், முகமூடியின் ஓரத்தில் இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். தெரியாவிட்டால் முகமூடி சரியாகப் பொருந்துகிறது.

தொழிற்சாலைகளில் விஷவாயுவைத் தடுக்கும் முகமூடிக்கு வேறு சோதனை. வாழைப்பழ வாசனை வீசும் ஒரு திரவத்தை வைத்துச் சோதிப்பார்கள். அந்தச் சோதனையை என்-95 முகமூடிக்குச் செய்ய முடியாது. அது எவ்வளவு நன்றாகப் பொருந்தினாலும் வாழைப்பழ வாசனை உள்ளே வந்துவிடும்!

அந்தக் காலத்துக் கொக்கு மூக்கு நாற்றத்தைத் தடுத்தது, நோயைத் தடுக்கவில்லை. இந்தக் காலத்து முகமூடி நோயைத் தடுக்கிறது, வாசனையை விட்டுவிடுகிறது. எப்படி இருக்கிறது வேடிக்கை!

பிறகு ஏன் மங்குகிறது?

இருந்தாலும், ‘மாஸ்க் போட்டால் வாசனை மங்கலாகத்தான் தெரிகிறது’ என்று நர்சுகள் சொல்கிறார்கள். அதுவும் உண்மைதான். அதற்கு நான்கு காரணங்கள் சொல்லலாம்.

முதல் காரணம், இழுக்கும் வேகம். மோந்து பார்க்க வேகமாக மூச்சை இழுக்க வேண்டும் அல்லவா? முகமூடி அந்த வேகத்தைத் தடுக்கிறது. மூக்கின் உச்சிக்குப் போகும் காற்று குறைகிறது.

இரண்டாவது, வாய் வழி மூச்சு. முகமூடிக்குள் புழுக்கம் தாங்காமல் சிலர் வாயால் மூச்சு விடத் தொடங்குவார்கள். வாயால் இழுத்த காற்று மூக்கின் உச்சிக்குப் போகாது.

மூன்றாவது, பழக்கம். ஊதுவத்தி ஏற்றிய அறையிலேயே இருப்பவருக்குக் கொஞ்ச நேரத்தில் ஊதுவத்தி வாசனை தெரியாது. வெளியே இருந்து வருபவருக்குத்தான் தெரியும். முகமூடிக்குள் தம்முடைய மூச்சின் வாடை, துணியின் வாடை, கை கழுவும் மருந்தின் வாடை எல்லாம் சுற்றிச் சுற்றி வருகின்றன. மூக்கு சலித்துப்போகிறது.

நான்காவது, தைலம். துர்நாற்றம் தாங்காமல் முகமூடிக்குள் தைலம் தடவிக்கொள்பவர்கள் உண்டு. பிறகு எல்லாமே தைலமாகத்தான் மணக்கும்!

இதனால் பலமான வாடை உள்ளே வரும். மெல்லிய வாடை தவறிப்போகலாம். நர்சுக்கு முதலில் தெரிய வேண்டியதோ பெரும்பாலும் அந்த மெல்லிய வாடைதான். அங்கேதான் சிக்கல்.

“இல்லை” வேறு, “தெரியவில்லை” வேறு

ஒரு வார்டில் இப்படி ஒரு பேச்சு நடப்பதாக வைத்துக்கொள்வோம்.

“7-ம் படுக்கைப் பெரியவருக்குக் கட்டு மாற்றினாயே, புண்ணில் ஏதாவது வாடை இருந்ததா?” என்று மூத்த நர்சு கேட்கிறார்.

“இல்லை சிஸ்டர்” என்கிறார் இளைய நர்சு.

“வாடை இல்லையா? உனக்குத் தெரியவில்லையா?”

இளைய நர்சு கொஞ்சம் யோசிக்கிறார். “மாஸ்க் போட்டிருந்தேன் சிஸ்டர். எனக்குத் தெரியவில்லை.”

“அப்படியென்றால் ‘இல்லை’ என்று எழுதாதே அம்மா. கட்டுத் துணியில் ஊறியிருந்த நீர் என்ன நிறம்? பச்சையா, மஞ்சளா? புண்ணைச் சுற்றித் தொட்டால் சூடாக இருந்ததா? காய்ச்சல் எவ்வளவு? அதையெல்லாம் பார்த்து எழுது.”

இதுதான் விஷயம். முகமூடி போட்ட மூக்கு ‘வாடை வருகிறது’ என்று சொன்னால் நம்பலாம். ‘வாடை இல்லை’ என்று சொன்னால் அதை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது.

மூக்கு விட்டதைக் கண்ணும் கையும் பிடிக்க வேண்டும். சர்க்கரை நோயாளி மயக்கமாக இருந்தால் மூச்சின் வாடைக்குக் காத்திருக்க வேண்டியது இல்லை. விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் கருவி சர்க்கரை அளவைச் சொல்லிவிடும்.

பக்கத்தில் இருக்கும் உறவினரைக் கேட்பதும் நல்லது. “இன்றைக்கு வாடை ஏதாவது மாறி வருகிறதா பெரியம்மா?” என்று கேட்டால் போதும். ராத்திரி பகலாகக் கூடவே இருக்கும் மனைவியோ மகளோ கவனித்ததைச் சொல்வார்கள்.

இன்னும் ஒன்று. ஆஸ்பத்திரியில் பிராணவாயுக் குழாய்கள் ஓடுகின்றன. பிராணவாயுவுக்கு வாசனை கிடையாது. ஆனால் அது நிறைந்த இடத்தில் சிறு பொறியும் பெரு நெருப்பாகிவிடும். ஒயர் கருகும் வாடை லேசாக வந்தாலும் ‘மாஸ்க்குக்குள் ஏதோ வாடை’ என்று தள்ளிவிடக் கூடாது. உடனே பார்க்க வேண்டும்.

கழற்றி மோந்து பார்க்கலாமா?

‘ஒரு நிமிஷம் முகமூடியைக் கீழே இறக்கி மோந்து பார்த்துவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டால் என்ன?’ என்று தோன்றும்.

வேண்டவே வேண்டாம்! தொற்று நோய் வார்டில் வேகமாக உள்ளே இழுக்கும் அந்த ஒரு மூச்சே போதும். கிருமி உள்ளே போய்விடும். மஞ்சூரியாவில் மெஸ்னிக்கு நேர்ந்த கதியை மறக்கக் கூடாது.

புண் உள்ளவர் பக்கத்தில் முகமூடியை இறக்கினால் அவருக்கும் கெடுதல். நர்சின் மூச்சுத் துளி புண்ணில் விழும். மிக்குலிச் 1897-ல் துணி கட்டியது எதற்காக? அதைத் தடுக்கத்தானே!

பழி யார் மேல்?

இதுவரை நோயாளிக்கு உள்ள ஆபத்தைப் பார்த்தோம். நர்சுக்கு உள்ள ஆபத்து என்ன?

தமிழ்நாட்டில் முதல் கொரோனா நோயாளி 2020 மார்ச் 7-ந்தேதி கண்டறியப்பட்டார். அதன் பிறகு ஆஸ்பத்திரிகளில் நர்சுகளும் டாக்டர்களும் துப்புரவுத் தொழிலாளர்களும் முகமூடிக்குள்ளேயே நாளைக் கழித்தார்கள்.

அந்த நோய்க்கு ஒரு விசித்திர குணம் இருந்தது. பலருக்கு ஜலதோஷம் இல்லாமலே, மூக்கு அடைக்காமலே, வாசனை திடீரென்று மறைந்துபோனது. காபி வெந்நீர் மாதிரி ஆயிற்று. 2020 ஜூன் மாதத்தில் இந்திய சுகாதார அமைச்சகம் வாசனை போவதையும் ருசி போவதையும் கொரோனாவின் அறிகுறிகளில் சேர்த்தது.

வைரஸ் வாசனை நரம்பை நேராகத் தாக்குவதைவிட, அந்த நரம்புக்குத் துணை நிற்கும் பக்கத்து செல்களையே முதலில் தாக்குகிறது என்று விஞ்ஞானிகள் கண்டார்கள். பாகன் விழுந்தால் யானை நின்றுவிடுவது போல, துணை செல் விழுந்ததும் நரம்பும் வேலை செய்யாமல் நின்றுவிட்டது.

பின்னால் வந்த கொரோனா வகைகளில் இந்தக் கோளாறு குறைந்தது. ஆனாலும் அடியோடு மறையவில்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். காலை முதல் மாலை வரை முகமூடி போட்டிருக்கும் நர்சுக்கு வாசனை போய்விடுகிறது. அவர் என்ன நினைப்பார்? ‘மாஸ்க் போட்டிருக்கிறேன், அதனால்தான் தெரியவில்லை’ என்று நினைப்பார். நோய் உள்ளே நுழைந்தது தெரியாமலே வேலை பார்ப்பார். வீட்டுக்குப் போவார். குழந்தையைத் தூக்குவார்!

முகமூடி வாசனையை மங்கச் செய்யும், அடியோடு அழிக்காது. கழற்றிய பிறகு வாசனை திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் பழி முகமூடி மேல் இல்லை. அது நோயாக இருக்கலாம்.

காபித்தூள் சோதனை

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது.

வேலை முடிந்ததும் பத்திரமான இடத்தில் முகமூடியைக் கழற்ற வேண்டும். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கொஞ்ச நேரம் நல்ல காற்றில் இருக்க வேண்டும். மூக்கின் சலிப்பு தீர்ந்துவிடும்.

பிறகு காபித்தூள் டப்பாவைத் திறந்து மோந்து பார்க்கலாம். முதலில் ஒரு மூக்குத் துவாரத்தை மூடிக்கொண்டு. பிறகு மற்றதை மூடிக்கொண்டு. நேற்று மாதிரியே இன்றும் மணக்கிறதா?

மணந்தால் கவலை இல்லை. சுத்தமாகத் தெரியவில்லை என்றாலோ, காபி ஏதோ கருகின ரப்பர் மாதிரி நாறினாலோ டாக்டரிடம் சொல்ல வேண்டும். தள்ளிப் போடக் கூடாது.

ஆஸ்பத்திரிகளில் இதையே இன்னும் நுட்பமாகச் செய்ய வழி உண்டு. 1984-ம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி ரிச்சர்டு டோட்டி 40 வாசனைகள் கொண்ட சோதனைப் புத்தகத்தை வெளியிட்டார். காகிதத்தைச் சுரண்டினால் வாசனை வரும். 1997-ம் ஆண்டில் ஜெர்மனியில் பேனா வடிவத்தில் வாசனைக் குச்சிகள் வந்தன.

போன வாசனை திரும்புமா?

பெரும்பாலோருக்குத் திரும்புகிறது. வாசனை நரம்பு செல்களுக்கு ஒரு பாக்கியம் உண்டு. பழையது உதிர்ந்தால் புதியது முளைக்கும்.

திரும்ப நாளாகிறவர்களுக்கு ஒரு பயிற்சி இருக்கிறது. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரைச் சேர்ந்த டாக்டர் தாமஸ் ஹும்மல் 2009-ம் ஆண்டில் அதை வெளியிட்டார்.

நாலு சிறிய சீசாக்கள். ஒன்றில் ரோஜா வாசனை. ஒன்றில் யூகலிப்டஸ். ஒன்றில் எலுமிச்சை. ஒன்றில் கிராம்பு. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, ஒவ்வொன்றையும் கொஞ்ச நேரம் மோந்து பார்க்க வேண்டும். 12 வாரம் இப்படிச் செய்ய வேண்டும்.

உடற்பயிற்சி கைகால்களைத் தேற்றுவது போல இது மூக்கைத் தேற்றுகிறது. எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. பலருக்குப் பலன் தந்திருக்கிறது.

வாசனை இல்லாத நாட்களில் வீட்டில் ஜாக்கிரதை தேவை. சமையல் வாயுவுக்கு இயற்கையில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றே நாற்றம் வீசும் ஒரு பொருளை அதில் கலக்கிறார்கள். மூக்கு தெரியாதவருக்கு அந்த எச்சரிக்கை எட்டாது. அடுப்படியில் வேறு ஒருவர் கூட இருப்பது நல்லது. பால் கெட்டுவிட்டதா, குழம்பு ஊசிவிட்டதா என்பதையும் மற்றவர்தான் மோந்து சொல்ல வேண்டும்.

அம்மா வீட்டுக்கு வந்தாள்

மாலை நேரம். வேலை முடிந்து ஒரு நர்சு வீட்டுக்கு வருகிறார். மூக்கின் மேல் முகமூடி பதிந்த சிவப்புத் தழும்பு இன்னும் மறையவில்லை. குளித்து, துணி மாற்றிக்கொண்டு வருகிறார்.

அடுப்படியில் தாளிக்கிறார்கள். கடுகு வெடிக்கிறது. கறிவேப்பிலை மணம் கூடம் வரை வருகிறது.

“வாசனையே ஆளைத் தூக்குகிறதே!” என்கிறார் நர்சு.

சாதாரணப் பேச்சுதான். ஆனால் அந்த ஒரு பேச்சில் ஒரு நல்ல சேதி இருக்கிறது. முகமூடி நாள் முழுவதும் அவரைக் காப்பாற்றி இருக்கிறது. அவருடைய மூக்கும் பத்திரமாக இருக்கிறது.

நாளைக் காலையில் அந்த மூக்கு மறுபடியும் வார்டுக்குப் போகும். எங்கோ ஒரு படுக்கையில் இருந்து வரும் மெல்லிய வாடைக்காக, முகமூடிக்குப் பின்னால் காத்துக்கொண்டிருக்கும்!